கிம்பல் அடுப்பு: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். சிறு பாய்மரப் படகில் அடுப்புப் பொருத்தும் கையேடு, நாளை மறுநாள் கெடு. இடமும் வலமும் முளையில் மாட்டி, படகு சாய்ந்தாலும் தான் சாயாமல் நிற்கும் அடுப்பு இது. 'கிம்பல்' என்றே விட்டால் 'கி'யை எப்படி ஒலிப்பது என்பதிலேயே வாசகர் தடுக்குவார். 'ஊசலடுப்பு' சரிவருமா?

---

> ஊசலடுப்பு

ஊசல் போன்ற அடுப்பு, உவமைத்தொகை, இலக்கணப் பிழையில்லை. ஆனால் சமையலறையில் ஊசல் என்றாலே ஊசிப்போன பண்டம்தான் நினைவுக்கு வரும். கிம்பலின் வேர் லத்தீன் கெமெல்லுஸ், 'இரட்டை'. அப்படியானால் இணை, இணையிலிருந்து பிணை, பிணையிலிருந்து பிணையல், கதவுக் கீலுக்கு நம்மிடம் உள்ள பழஞ்சொல். 'பிணையலடுப்பு' என் பரிந்துரை.

---

ஐயா, இரட்டை வளையம் திசைகாட்டிக்கு உரியது. அது இரண்டு அச்சில் திரும்பும். அடுப்புக்கு அச்சு ஒன்றுதான், படகின் முன்பின் திசையில். வேரைப் பிடித்துப் போனால் பொருள் தவறும்.

சொல் எதுவானாலும் கையேட்டில் இவை தெளிவாக இருக்கட்டும். முளை எடைமையத்துக்கு மேலே இருக்கவேண்டும். நிறைந்த பானை ஏறியதும் எடைமையமும் மேலேறும். அது முளையைத் தாண்டினால் அடுப்பு பானையோடு கவிழும். வெறும் அடுப்பை ஆட்டிப் பார்த்துவிட்டு 'சரி' என்று போவது இங்கேதான் காலை வாரும். முளையிலிருந்து பின்விளிம்பு 22.5 செ.மீ., அடித்தட்டு 30 செ.மீ. கீழே என்றால், 30 டிகிரிச் சாய்வில் பின்பக்கக் கீழ்மூலை ஏறக்குறைய 12 செ.மீ. பின்னால் போகும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பலகையில் இடித்து நிற்கும், பானை தெறிக்கும். எரிவாயுக் குழாய், அடுப்பு ஆடும் இரு கோடியிலும் இழுபடாத அளவுக்குத் தொய்வாக, எதிலும் உரசாமல் இருக்கவேண்டும். உரசித் துளை விழுந்தால், காற்றைவிடக் கனமான அந்த வாயு படகின் அடிப்பள்ளத்தில் தேங்கிப் பொறிக்குக் காத்திருக்கும்.

---

அடுப்பு ஆடவில்லையே, ஆடுவது படகு! கொத்தனாரின் ரசமட்டம் போல அது மட்டத்தில் நிற்கிறது. 'மட்டவடுப்பு' எனலாமே?

---

மட்டமான அடுப்பு என்று படிப்பார்கள், அம்மா. 'சமனடுப்பு' தேவலாம். 'தொங்கடுப்பு' வேண்டாம், கொக்கியில் தொங்கவிடும் ஒற்றை அடுப்புக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

---

சமன் என்றால் நிலையாகப் பதித்தது என்று நினைத்து ஆணி அடித்துவிடுவார்கள். ஆடும் என்பது பெயரிலேயே தெரியவேண்டும். என் வாக்கு ஊசலுக்கு.

---

நன்றி. ஊசலுக்கு என்னோடு இருவர், மட்டத்துக்கு ஒருவர், சமனுக்கு ஒருவர், பிணையலுக்கு ஒருவர். ஊசலடுப்பையே வைக்கிறேன், முதல் இடத்தில் மட்டும் 'கிம்பல்' சேர்ப்பேன். எச்சரிக்கை வரி: 'ஊசலடுப்பு. கதவைத் திறக்கும்முன் தாழிடவும்.'

---

பிணையலை விட்டது பெரிய இழப்பு. அடுத்த பதிப்பிலும் கேட்பேன். இருக்கட்டும், அந்த வரியில் எதைத் தாழிட? ஓவன் கதவைத் திறந்தால் அதன் எடையில் அடுப்பு முன்னால் சாயும், அதற்குத்தானே தாழ்? இப்படி எழுதுங்கள்: 'அடுப்பு ஆடாமல் தாழிட்ட பிறகே ஓவன் கதவைத் திறக்கவும்.'