தன் மார்பையே கொத்தும் பறவை: மெதடிஸ்ட் ஆலய ஜன்னல் பற்றி ஒரு கேள்வி

காட்பாடி ஆசிரியை:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் மகள் அமெரிக்காவின் ஒஹாயோவில் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாகப் போய் ஐந்து மாதம் தங்கினேன். ஞாயிறுதோறும் அவர்களோடு மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போவேன். காட்பாடியில் எங்கள் ஆலயத்து ஜன்னல்களில் வெறும் வெள்ளைக் கண்ணாடிதான், வேப்பமரம் தெரியும். அங்கேயோ ஜன்னலுக்கு ஜன்னல் வண்ணக் கண்ணாடிச் சித்திரம்.

நங்கூரம் புரிந்தது, நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்று சொல்லும் எபிரெயர் 6:19. கிறிஸ்துவைக் குறிக்கும் கொடி பிடித்த ஆட்டுக்குட்டியும் புரிந்தது. ஆனால் நாங்கள் உட்காரும் வரிசைக்கு நேரே ஒரு வெள்ளைப் பறவை. கழுத்தை வளைத்துத் தன் மார்பையே கொத்துகிறது. இரத்தம் சொட்டுகிறது. கீழே மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டிருக்கின்றன. ஏழு வயதுப் பேரன் ஆராதனை நடுவில் என் காதருகே வந்து, "அது ஏன் தன்னையே கொத்துகிறது பாட்டி?" என்றான். முப்பத்தொரு வருடம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பதில் சொன்னவள் நான். அன்றைக்குப் பதில் இல்லை. ஊர் திரும்பிய பிறகும் அது உறுத்துகிறது.

இன்னும் இரண்டு: எரியும் வீட்டின் மாடி ஜன்னலில் ஒரு சிறுவன், சிலுவையை ஒட்டி இரட்டை நாக்குடைய சிவப்புச் சுடர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை, ஓய்வு பெற்ற ஆயர்:

சகோதரி, அது கூழைக்கடா. வேடந்தாங்கலில் கூடு கட்டுகிறதே, அந்த வகைதான். இரை கிடைக்காதபோது தாய்ப்பறவை தன் மார்பைக் கிழித்து இரத்தத்தால் குஞ்சுகளைக் காப்பாற்றும் என்று பழங்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். உண்மையில் அது விழுங்கிய மீனைக் கக்கிக் குஞ்சுகளுக்குக் கொடுக்க அலகை மார்போடு அழுத்தும். தூரத்திலிருந்து பார்த்தவருக்குக் கொத்துவதுபோலத் தெரிந்திருக்கும். அந்தக் கதை கிறிஸ்துவின் இரத்தத்துக்கும் திருவிருந்துக்கும் அடையாளமாக நிலைத்துவிட்டது. சங்கீதம் 102:6இல் பழைய ஆங்கில வேதாகமம் இந்தப் பறவையின் பெயரைத்தான் சொல்கிறது. நம் வேதாகமத்தில் அது 'வனாந்தர நாரை' ஆகிவிட்டதால் நமக்குப் பிடிபடுவதில்லை.

எரியும் வீட்டில் இருப்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1709 பிப்ரவரியில், இங்கிலாந்தின் எப்வொர்த்தில், அவருடைய தந்தை குருவாக இருந்த சபையின் குருமனை தீப்பிடித்தது. ஐந்து வயதுப் பையன் மாடியில் சிக்கிக்கொண்டான். ஏணி தேட நேரமில்லை. ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறி நின்று அவனை ஜன்னல் வழியே இறக்கினார்கள். 'அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி' என்ற சகரியா 3:2 வசனத்தை வெஸ்லி பிற்காலத்தில் தம்மைப் பற்றியே சொன்னார். மீட்பர் வானத்திலிருந்து இறங்கி வராமல் அக்கம்பக்கத்தார் தோளில் ஏறி வருகிறாரே, அதனாலேயே இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும்.

சிலுவையும் சுடரும் ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் சின்னம். 1968இல் இரண்டு சபைகள் இணைந்து அந்தச் சபை உருவானதால் சுடருக்கு இரண்டு நாக்கு. தூய ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளின் அக்கினியும் அதில் உண்டு.

உங்கள் ஆலயத்து வெள்ளைக் கண்ணாடிக்கும் காரணம் இருக்கலாம். வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் பல, அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழி வந்தவை. அவர்களுடைய சீர்திருத்தச் சபை மரபு ஆலயத்தில் உருவங்களைத் தவிர்த்தது. 1947இல் நம் சபைகளோடு மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கர்களும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, வெஸ்லியின் வழியினரும் நமக்கு உறவினர் ஆனார்கள்.

குடியாத்தம் வாசகர்:

இந்தப் படங்கள் தேவையா என்பதே என் கேள்வி. உருவங்களை உண்டாக்கி வணங்க வேண்டாம் என்ற யாத்திராகமம் 20ஐ மறந்துவிடக் கூடாது. வசனம் போதும்.

சத்துவாச்சாரி கண்ணாடிக் கடை:

அம்மா, வேலை தெரிந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். அந்த இரத்தத் துளிகளைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருந்ததா? கறுப்புக் கோடு என்பது ஈயப்பட்டை. ஒவ்வொரு வண்ணத் துண்டையும் அதில் செருகித்தான் இணைப்பார்கள். இத்தகைய கண்ணாடியில் நிறம் பெரும்பாலும் மேலே பூசியதல்ல, உருக்கும்போதே கலந்தது, நீலத்துக்குக் கோபால்ட். சிவப்பு மட்டும் முழுக் கனத்துக்கும் இருந்தால் இருட்டிவிடும். அதனால் வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புப் படலமாக ஏற்றுவார்கள். அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்தால், ஒரே துண்டில் வெள்ளையும் சிவப்பும் கிடைக்கும்.

காட்பாடி ஆசிரியை:

துளிகளைச் சுற்றிக் கோடு இல்லை ஐயா! மார்பு முழுவதும் ஒரே துண்டு. ஐந்து மாதம் பார்த்த படம், நன்றாக நினைவிருக்கிறது.

குடியாத்தம் வாசகருக்கு: அங்கே யாரும் ஜன்னலை வணங்கவில்லை. எனக்கு அந்த ஆங்கிலப் பிரசங்கம் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதியை அந்த ஜன்னல்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆயர் ஐயாவுக்கு என் நன்றி. வரும் ஞாயிறு ஓய்வுநாள் பாடசாலையில் கூழைக்கடாவைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

சத்துவாச்சாரி கண்ணாடிக் கடை:

அப்படியானால் சுரண்டிய வேலையாகத்தான் இருக்கும். வெள்ளையை எடுத்துவிட்டுத் துளியைப் பொறிக்கவில்லை அம்மா; மார்பிலிருந்த சிவப்பை எல்லாம் எடுத்துவிட்டுத் துளிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். படலம் உட்பக்கம் இருந்தால் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். துளி இருக்கும் இடம் சற்று மேடாக இருக்கும்.

காட்பாடி ஆசிரியை:

நேற்று மகள் தொலைபேசியில் பேசினாள். ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கேட்டுவிட்டுப் பார்த்தார்களாம். ஜன்னல் உயரம். மருமகன் பேரனைத் தோளில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். ஏழு துளிகள். ஏழும் மேடாக இருக்கின்றனவாம்.