பாய்மரப் படகை விற்று டிராலர் வாங்கலாமா? குடும்பத்தோடு போக எது தோது?

திருநகர்_எஞ்சினியர்:

வணக்கம். மதுரை திருநகர்க்காரன். பல வருஷம் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்துவிட்டுக் கரையேறியவன். மதுரையில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றிக் கேட்கிறானே என்று சிரிக்க வேண்டாம், வைகையில் விடுவதற்காகக் கேட்கவில்லை. படகு கொச்சியில், போல்காட்டித் தீவு மரினாவில் கட்டிக் கிடக்கிறது. 29 அடி பாய்மரப் படகு. ஃபைபர் உடம்பு, அடியில் ஈயக் கீல் (படகு கவிழாமல் பிடிக்கிற எடை), உள்ளே சின்ன டீசல் எஞ்சின். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் உசிலம்பட்டி, தேனி, போடிமெட்டு, மூணாறு வழியாகக் காரில் கிளம்பிவிடுவோம். மலையில் வாந்தி எடுக்கிற பிள்ளைகள் படகில் எடுப்பதில்லை, அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது வீட்டில் பேச்சு, இதை விற்றுவிட்டு டிராலர் வாங்கலாமா என்று. டிராலர் என்றதும் ராமேஸ்வரத்து விசைப்படகை நினைத்துவிடாதீர்கள். அடிப்பாகம் அதே மாதிரி கனமானது, எஞ்சினும் மெதுவாக ஓடுகிற டீசல்தான். ஆனால் வலை இழுக்க அல்ல, ஆள் தங்க. கிராண்ட் பேங்க்ஸ் கம்பெனிப் படகுகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

காரணம் சொல்கிறேன். குடும்பத்தோடு போக டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். அந்த மாதங்களில் கொச்சியில் காலையில் லேசாகக் கரைக்காற்று அடிக்கும், வெயில் ஏற ஏற அதுவும் செத்துவிடும். மதியத்துக்கு மேல்தான் மேற்கிலிருந்து கடற்காற்று ஏறும். அது ஏறுகிற நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசி, மாமியாருக்குத் தூக்கம், வீட்டம்மாவுக்கு வெயில் தலைவலி. ஆக, பாய் சுருட்டியே கிடக்கிறது, எஞ்சின்தான் ஓடுகிறது. பாய்மரம் தண்ணீரிலிருந்து 12 மீட்டர் உயரம். தெற்கே வேம்பநாட்டுக் காயலுக்குள் போகலாம் என்றால் வெண்டுருத்திப் பாலமும் தோப்பும்படி பாலமும் மறிக்கின்றன. துறைமுகத்துக்குள் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்கடல்.

சமையல் இன்னொரு கதை. படகு சாய்ந்து ஓடும்போது தோசைக்கல்லில் ஊற்றிய மாவு வட்டமாகப் பரவாது. தாழ்ந்த ஓரத்தில் போய்த் திட்டாகச் சேர்ந்துவிடும். மேல் ஓரம் கருகும், கீழ் ஓரம் வேகாது. மாமியாருக்கு முழங்கால் வலி, கேபினுக்குள் இறங்குகிற செங்குத்து ஏணியைப் பார்த்தாலே "நான் மேலேயே இருந்துக்கிறேன்" என்பார். மேலே நிழல் கிடையாது.

பார்த்து வைத்திருப்பது 34 அடி, அரூர் பக்கம் ஒரு யார்டில் கட்டியது. லேலண்ட் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கடலுக்குத் தோதாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒரே எஞ்சின்தான். இரும்பு டீசல் டேங்க் இரண்டு. தண்ணீருக்குள் 1.1 மீட்டர்தான் இறங்குகிறது, என்னுடையது 1.6. மேல் உயரம் 4 மீட்டருக்குள். உள்ளே நின்றுகொண்டே சுக்கான் பிடிக்கலாம், கூடத்துக்கு இரண்டே படி.

டீசல் செலவு எவ்வளவு வரும்? ஈயக் கீல் இல்லாத படகு எவ்வளவு ஆடும்? முக்கியமாக, அந்த ஒற்றை எஞ்சின் நடுக்கடலில் நின்றால் என்ன செய்வது? இப்போது எஞ்சின் நின்றாலும் பாயை விரித்து வந்துவிடலாம் என்ற தைரியம் இருக்கிறது.

பாய்_விரி:

மாறாதீர்கள் சார். வெயில் பிரச்சினைக்கு கான்வாஸ் கூரை போடுங்கள், முன்பாயைச் சுருள் பாயாக மாற்றுங்கள், ஒரு கயிற்றை இழுத்தால் வேலை முடிந்தது. டிராலர் விலையில் கால்வாசிகூட ஆகாது.

பத்திரம் என்று பார்த்தாலும் பாய்மரப் படகுக்கு ஈடு இல்லை. அடியில் ஈயம் இருக்கிற படகு கிட்டத்தட்ட 120 டிகிரி வரை சாய்ந்தாலும் தானாக நிமிரும். மேலே வீடு கட்டிய டிராலர் அவ்வளவு தூரம் சாய்ந்தால் திரும்பி வராது. எஞ்சினை அணைத்துவிட்டு ஓடுகிற அந்தச் சத்தமின்மையை டீசல் ஊற்றி வாங்க முடியாது. மாமியாருக்கு நல்ல கைப்பிடி வைத்து ஏணியை மாற்றிக் கொடுங்கள்.

மட்டாஞ்சேரி_மதுரைக்காரன்:

அண்ணே, நமக்குச் சொந்த ஊர் செல்லூர். இங்கே படகு வேலைதான் பிழைப்பு. பாயிலிருந்து டிராலருக்கு மாறி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் டீசல். நீர்க்கோட்டு நீளத்தை (தண்ணீர்மட்டத்தில் படகின் நீளம்) அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34 ஆல் பெருக்குங்கள். 34 அடிப் படகுக்கு நீர்க்கோடு 31 அடி என்று வைத்தால் 7.5 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வரும். அதுதான் அந்த உடம்புக்கு வேக எல்லை. அதற்கு மேல் ஆக்சிலேட்டரை எவ்வளவு தள்ளினாலும் பின்னால் எழும்புகிற அலைதான் பெரிதாகும். 6 நாட்டில் ஓட்டினால் மணிக்கு ஆறு லிட்டர் பக்கம் குடிக்கும், 7.5-க்குத் தள்ளினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். லிட்டர் 95 ரூபாய் என்று போட்டால் மெதுவாகப் போகிறவருக்கு மணிக்கு 570 ரூபாய். 6 நாட் என்றால் மணிக்கு 11 கிலோமீட்டர், நம்மூர் மினி பஸ்கூட முந்தும். அவசரப்படுகிற ஆளாக இருந்தால் இந்தப் படகு வேண்டாம்.

பாய்க்குச் செலவே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. மரத்தைத் தாங்குகிற ஸ்டீல் கம்பிகளைப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்ற வேண்டும், பாயும் வெயிலில் இற்றுப்போகும். அந்தக் காசுக்கு நிறைய டீசல் வாங்கலாம்.

ஆட்டம். இதில்தான் பல குடும்பங்கள் படகையே விற்கின்றன. பாய்மரப் படகு சாயும், ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிற்கும். காற்றும் கீலும் அதைப் பிடித்து வைத்திருக்கும். டிராலர் நிமிர்ந்து போகும், ஆனால் பக்கவாட்டில் அலை வந்தால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று புரண்டுகொண்டே இருக்கும். தோசை வட்டமாக வரும், சாப்பிடத்தான் ஆள் இருக்காது. வைத்தியம் உண்டு. இரண்டு பக்கமும் நீளக் கம்பம் நீட்டி, அதன் நுனியில் இரும்புச் சிறகைத் தண்ணீருக்குள் தொங்கவிடுவார்கள். மின்சாரம் வேண்டாம், எந்தப் பட்டறையிலும் செய்யலாம். வேகத்தில் அரை நாட்டிலிருந்து ஒரு நாட் வரை தின்னும், ஆனால் ஆட்டம் நன்றாக அடங்கும். அல்லது மடக்குகிற மாதிரி சின்ன மரம் வைத்து ஒரு குட்டிப் பாய் கட்டுங்கள். பக்கக் காற்றில் அது படகைப் பிடித்து நிறுத்தும். பாலம் வந்தால் மடக்கிவிடலாம். பாய்_விரி சாருக்கும் சமாதானம்.

விற்கிறவர் உங்களுக்குக் காலையில்தான் ஓட்டிக் காட்டுவார், கடல் தட்டையாக இருக்கும். நீங்கள் மதியம் மூன்று மணிக்குக் கேளுங்கள். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே வெளியே வந்து, வடக்கே திரும்பி, மேற்கு அலையை இடது பக்கம் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். வீட்டம்மாவும் மாமியாரும் படகில் இருக்க வேண்டும். முடிவை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒற்றை எஞ்சின் பயம். என் கணக்கில் ஒற்றை நல்லது. புரொப்பெல்லர் நடுவில், கீலுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். இரட்டை என்றால் இரண்டும் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வலைக்கும் கட்டைக்கும் மாட்டும். லேலண்ட் என்றால் கவலையே வேண்டாம், லாரி பட்டறைக்காரரே பிரித்துப் போடுவார். எஞ்சின் நிற்பது பெரும்பாலும் எஞ்சினால் இல்லை, டீசலால். இரும்பு டேங்கின் அடியில் ஈரம் தேங்கும், அதில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பாகப் பாசி மாதிரிப் பிடிக்கும். அமைதியான தண்ணீரில் ஒன்றும் தெரியாது. அலையில் படகு குலுங்கும்போதுதான் அந்தக் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். அதாவது எஞ்சின் ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில். டேங்கின் அடியில் ஒட்டுப் போட்டிருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சினைத் தூக்காமல் டேங்க் வெளியே வருமா என்பதையும் கேளுங்கள். வராது என்றால் விலையில் குறைக்க வேண்டியது அங்கேதான். ஃபில்டர் இரண்டு வைத்து நடுவில் வால்வு போடுங்கள், ஒன்று அடைத்தால் ஓட்டத்திலேயே மற்றதுக்கு மாற்றலாம்.

காயலில் இன்னொரு எதிரி ஆகாயத்தாமரை. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கிற குழாயின் வாய்க்கு அதன் வேர் வந்து சேரும். வெப்பமானி முள் மெல்ல ஏறும். வடிகட்டியின் மூடியைத் திறந்து கையை விட்டால் ஈர முடிக்கற்றை மாதிரி கறுப்பு வேர் கொத்தாக வரும். உப்புத் தண்ணீரில் அது பிழைக்காது. ஆனால் குட்டநாட்டு நெல்லுக்காக டிசம்பர் நடுவில் தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடுவார்கள், அதற்குத் தெற்கே உப்பு ஏறாது, செடி செழிக்கும். படகு போக லாக் (படகைக் கடத்திவிடுகிற மதகு) இருக்கிறது, ஆனால் நீங்கள் போகிற மாதங்கள் சரியாக அதே மாதங்கள். வடிகட்டியையும் இரட்டையாக்கிவிடுங்கள்.

பாலங்களைத் தாண்டிவிட்டால் தேசிய நீர்வழி 3 உங்களுடையது. ஆலப்புழா, அங்கிருந்து கொல்லம் வரை காயலும் கால்வாயுமாகப் போகலாம். சுற்றுலாப் படகே அந்தப் பாதிக்கு எட்டு மணி நேரம் எடுக்கும், உங்களுக்கு ஒரு ராத்திரித் தங்கல். 1.1 மீட்டர் படகுக்கு ஆழம் பெரிய சங்கடமில்லை. உயரத்தை மட்டும், நீர் ஏறியிருக்கிற நேரத்தில் ஒவ்வொரு பாலத்துக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டும்போது கவனம். பக்கச் சுவர் உயரம், அடியில் பிடிமானம் கம்மி, காற்று தள்ளும். ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் ஒரு பக்கமாக நடக்கும், வலச்சுற்று புரொப்பெல்லர் என்றால் இடது பக்கம். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கமாகவே ஜெட்டியில் ஒட்டுங்கள்.

திருநகர்_எஞ்சினியர்:

தம்பி, இவ்வளவு விவரத்தை நான் எதிர்பார்க்கவில்லை, நன்றி. வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மூணு மணி யோசனை மாமியாருக்கே பிடித்துவிட்டது.

பாய்_விரி சார், நீங்கள் சொல்வதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தனி ஆளாக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இன்னொரு ஆசை. கொச்சி வரை மலையேறி இறங்குவதற்குப் பதில், டிராலரைக் குமரி முனை சுற்றிக் கொண்டுவந்து தொண்டிப் பக்கம் வைத்துக்கொள்ள முடியுமா? மதுரையிலிருந்து சிவகங்கை வழியாக ரெண்டு மணி நேரம்தான்.

தொண்டி_கரை:

அண்ணே, ஆசை சரி, இடம் சரியில்லை. எங்கள் அப்பா வத்தையில் பாய் கட்டித் தொழில் பார்த்தவர், இந்தக் கடலைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன்.

படகு கட்ட மரினா கிடையாது, மீன் இறங்குதளம்தான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். அதற்கு நடுவே உங்கள் வெள்ளைப் படகை எங்கே செருகுவீர்கள்? பெயிண்ட் மிஞ்சாது.

கடலும் இரண்டு குணம். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற காலத்தில் பாம்பனுக்குத் தெற்கே மன்னார் பக்கம் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) பிடித்துவிட்டால் அப்படியே தலைகீழ், எங்கள் பக்கம் நிற்க முடியாது. ஆழம் குறைவு என்பதால் அலை குட்டையாக, அடுத்தடுத்து வரும். நீங்கள் பயப்படுகிற அந்தப் பக்க ஆட்டத்துக்கு இதைவிட மோசமான தண்ணீர் கிடையாது. ராத்திரியில் வலை எங்கே கிடக்கிறது என்று ஊர்க்காரனுக்கே தெரியாது, உங்கள் புரொப்பெல்லர்தான் கண்டுபிடிக்கும்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, இறங்கிச் சோறு பொங்க விட மாட்டார்கள். கிழக்கே கொஞ்சம் போனால் 1974-லும் 1976-லும் இலங்கையோடு போட்ட எல்லைக்கோடு. மீன்பிடிக்கப் போகிறவனுக்கே அங்கே என்ன நடக்கிறது என்று பேப்பரில் பார்க்கிறோம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வேண்டாம். தோணித்துறையில் நின்று புதுப் பாம்பன் பாலம் மேலே ஏறுவதைக் காட்டிவிட்டு, வரும்போது தொண்டியில் மீன் வாங்கிக்கொண்டு போங்கள். படகு கொச்சியிலேயே இருக்கட்டும்.

மட்டாஞ்சேரி_மதுரைக்காரன்:

தொண்டிக்காரர் சொன்னதுதான் சரி. இன்னொன்று, பழைய ஓனரிடம் கேரள மாரிடைம் போர்டு பதிவுத் தாளைக் கேளுங்கள். உள்நாட்டுப் படகு என்று பதிவாகியிருந்தால் காயலுக்குள் ஓட்டலாம், வெளிக்கடலுக்கு அதை வைத்துக் கிளம்பக் கூடாது. எஞ்சின் ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புங்கள், எஞ்சின்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருநகர்_எஞ்சினியர்:

அப்படியே செய்கிறேன். தொண்டி ஆசையை விட்டாயிற்று. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஓட்டிக் காட்டக் கேட்டேன். "காலையிலேயே வாங்களேன், வெயில் இருக்காது" என்று மூன்று தடவை சொன்னார், கடைசியில் ஒத்துக்கொண்டார். டேங்க் பக்கம் பார்க்க டார்ச்சும் சின்ன சுத்தியலும் எடுத்து வைத்திருக்கிறேன். முடிந்தால் என் 29 அடியை விற்பேன், யாருக்காவது தேவையிருந்தால் சொல்லுங்கள். பாய் இரண்டும் நன்றாக இருக்கின்றன, அதிகம் விரித்ததே இல்லை.

பாய்_விரி:

கம்பிகள் எந்த வருஷம் மாற்றியது? கீல் போல்ட்டில் துரு இருக்கிறதா? போட்டோ எடுத்துத் தனி மெசேஜில் அனுப்புங்கள் சார்.