சித்தி வீட்டு வியாழக்கிழமைக் கூட்டம்: சபையில் என்ன சொல்வது?

பொறையாறு சார்:
பொறையாறு பக்கம் ஒரு சின்ன லுத்தரன் சபை எங்களுடையது. ஞாயிறு நாற்பது பேர் வந்தால் பெரிய விஷயம். நான் பள்ளி ஆசிரியர், சபைச் செயலாளரும்கூட. ஆறு மாதமாக வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வியாழன்தோறும் என் சித்தி வீட்டில் கூட்டம் நடத்துகிறார். பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நானே இரண்டு முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். போதனைதான் இடிக்கிறது. கிருபைக்குள் வந்தவன் பாவ அறிக்கை செய்யத் தேவையில்லையாம், பரிசுத்தம் என்று பேசுவதெல்லாம் நியாயப்பிரமாணமாம், அதாவது மோசேயின் பழைய சட்டமாம்.

சித்தி மகன் உரக்கடையில் மூவாயிரம் பாக்கி. கேட்கப் போன கடைக்காரரிடம், "பழையவைகள் ஒழிந்துபோயின அண்ணே" என்றிருக்கிறான். அவர் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, "சார், உங்க சாமி கடனையும் தள்ளுபடி பண்ணுதா?" என்றார். கையில் இருந்த டீ தொண்டையில் இறங்கவில்லை.

இதில் 'விதைக் காணிக்கை' வேறு, கொடுத்தால் விதைபோலப் பல மடங்காகத் திரும்பி வருமாம். குறுவைக்கு எடுத்து வைத்ததில் ஐயாயிரத்தைச் சித்தப்பா கொடுத்துவிட்டார். நாற்றங்காலில் போட்டால்தானே விதை முளைக்கும்?

அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குச் சபையில் நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது என்று அறிவிக்கச் சொல்கிறார்கள் கமிட்டியில் இருவர். சரியான உபதேசத்தைக் கொண்டுவராதவனை வீட்டில் ஏற்றுக்கொள்ளாதே என்கிற 2 யோவான் 10ஐக் காட்டுகிறார்கள். சித்தி என்னைத் தூக்கி வளர்த்தவர். என்ன செய்ய?

கொள்ளிடக்கரை:
லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடிக்குப் பக்கத்திலேயே இந்த நிலைமையா? ஓநாயோடு என்ன பேச்சு? தீத்து 3:10, விலகு என்கிறது. அறிவியுங்கள்.

பழைய உபதேசியார்:
கொள்ளிடக்கரைத் தம்பி, அதே வசனத்தில் "இரண்டொருதரம் புத்தி சொன்னபின்பு" என்றும் இருக்கிறதே. சார் ஒரு தரமாவது சொன்னாரா?

2 யோவான் காலத்தில் சபை கூடியதே வீடுகளில்தான். கள்ளப் போதகனுக்கு வீட்டில் இடம் தராதே என்றால் அவன் போதனைக்குக் கைகொடுக்காதே என்று அர்த்தம். சித்தி வாசலை மிதிக்காதே என்றல்ல. ஆதி சபையின் 'திதாகே' என்ற சின்னக் கைநூலில் இன்னும் பச்சையாகவே இருக்கிறது: ஊர் ஊராக வரும் ஊழியக்காரன் மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி.

இந்தப் போதனையும் புதிதல்ல. நம் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் நண்பர் அக்ரிகோலாவே கிருபை வந்தபின் சபையில் நியாயப்பிரமாணப் பிரசங்கம் எதற்கு என்று கிளம்பினார். லுத்தர் 1537 முதல் அவரை எதிர்த்து வாதிட்டார். லுத்தர் 1517இல் எழுதிய 95 கோட்பாடுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதல் என்பதுதானே. சித்தி மகனுக்கு இவ்வளவு வேண்டாம், வரி வசூலித்த சகேயுவின் கதை போதும். இயேசு வீட்டுக்குள் வந்த அன்றே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றவன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் சபையில் கணக்கு வாசிக்கிறீர்களா?

நாகை மருமகள்:
என் மாமியாரும் இப்படிப் போனவர்தான். மாமா படுக்கையில் கிடந்த நாலு மாதத்தில் சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஊழியக்காரர் மட்டும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். உபதேசம் சரியா தப்பா என்று அப்போது யார் பார்த்தார்கள்?

பொறையாறு சார்:
உபதேசியார் ஐயா, சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில், காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய் மட்டும் எண்ணூறு ரூபாய்க்குப் போனது. இரண்டு வருடமாக ஏலக் கணக்கை வாசிக்கவில்லை, நோட்டு என் பீரோவில் இருக்கிறது. பணம் ஒரு ரூபாய் குறையவில்லை, சோம்பல்தான். ஆனால் சித்தி அன்றைக்கே கேட்டார்: "ஊழியக்காரர் காணிக்கைய எண்ணிச் சொல்றாரு, நீ சொன்னியா?" அதை மேலே எழுத வெட்கமாக இருந்தது.

நற்கருணை அறிவிப்பு வேண்டாம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு பாவ அறிக்கை முடிந்து, ஆராதனைக் கடைசியில் ஏலக் கணக்கு. அப்புறம் வியாழன், கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று கேட்கிற ரோமர் 6ஐத் திறந்து வைத்து ஊழியக்காரரிடம் பேசுகிறேன். கணக்கை வாசிக்காமல் எந்த முகத்தோடு போவது?

உரக்கடைக்குத் தம்பியையும் கூட்டிப் போகவேண்டும். மூவாயிரத்தில் ஆயிரம் நான் போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அவன் கையாலேயே எண்ணிக் கொடுக்கட்டும்.