சாணம் போட்டேன், களைதான் செழித்தது

கேள்வி: இரண்டு ஏக்கர், மூன்று மாடு, எட்டு ஆடு. போன பருவத்தில் சாணத்தைக் கூளத்தோடு அள்ளி நேரே வயலில் கொட்டினேன். பயிர் வெளுத்துப்போய் நின்றது, களை இடுப்பளவு வளர்ந்தது. மாடு இருந்தும் உர மூட்டை குறையவில்லை. எங்கே தப்பு?

பதில்: மட்காததைப் போட்டதுதான். நானும் பட்டவன். மாடு தின்ற களை விதையில் பல செரிக்காமல் சாணத்தோடு வந்து முளைக்கும். கூளம் மண்ணுக்குள் மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். குவித்து வைத்துச் சூடேற விடுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான விதை செத்துவிடும். நான் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பேன். பிடிக்க முடியாமல் சுட்டால் சரி. குவியல் ஆறியதும் கிளறி, வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளுவேன்.

அப்புறம் மூத்திரம்! மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பெரும்பங்கு அதில்தான். கொட்டகையில் வைக்கோலைப் பரப்பி, ஊறியதைக் குவியலில் சேருங்கள்.

இன்னொரு பதில்: தட்டைப்பயறை ஊடுபயிராகப் போடுங்கள். மண்ணுக்கும் நல்லது, மாட்டுக்கும் தீவனம். இளஞ்சோளத்தில் மட்டும் மேயவிடாதீர்கள், அதில் சயனைடு நஞ்சு உண்டு. ஒருமுறை என் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது, நல்லவேளை நாலு வாய்தான் தின்றிருந்தது.

கேட்டவர்: கம்பி இருக்கிறது. நாளைக்கே குவிக்கிறேன். மழை வந்தால் மூட வேண்டுமா?

பதில்: கட்டாயம். மழையில் ஊறினால் சத்தில் ஒரு பங்கு கரைந்து ஓடிவிடும்.