உடலியங்கியல் பாடத்தில் 'காலனிய நீக்கம்': எங்கிருந்து தொடங்குவது?

டர்பன்வாசி:
தென்னாப்பிரிக்காவில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் நடத்துகிறேன். அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டப் படிவத்தில் 'காலனிய நீக்கத்துக்கு (காலனிய காலப் பார்வையைப் பாடத்திலிருந்து களைவதற்கு) என்ன செய்துள்ளீர்கள்' என்று புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. வரலாறு, இலக்கியம் என்றால் புரிகிறது. சிறுநீரகத்துக்கு என்ன காலனியம்? நூல் பட்டியலில் நாலு ஆப்பிரிக்கப் பெயர்களைச் சேர்த்தால் போதுமா? முதுநிலை ஆய்வேடுகளும் என் பொறுப்பில்தான், அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிரியேட்டினின்:
பெயர் சேர்ப்பது கண்துடைப்பு. சிறுநீரகத்திலேயே தொடங்குங்கள், அதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம். தசையிலிருந்து வரும் கிரியேட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்து அதைக் கணக்கிடும் எம்டிஆர்டி சூத்திரத்தில், நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.212ஆல் பெருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு வந்த சிகேடி-எபி என்ற அடுத்த சூத்திரத்தில் அது 1.159. அமெரிக்கத் தரவு, கூடவே 'கறுப்பருக்குத் தசை அதிகம்' என்ற ஊகம். வகுப்பில் ஒரே இரத்தப் பரிசோதனை முடிவைக் கொடுத்து இரண்டு விதமாகவும் போடச் சொல்லுங்கள். பெருக்காமல் 52 வந்தால், பெருக்கினால் 63. எல்லைக்கோடு 60. ஒரு கணக்கில் மூன்றாம் நிலை சிறுநீரக நோயாளி, மறு கணக்கில் கோட்டுக்கு மேலே. தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களிடம் சோதித்தபோது பெருக்காத விடைதான் உண்மைக்கு அருகில் வந்தது என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள், முன்னாலேயே சொன்னால் யாரும் கணக்குப் போடமாட்டார்கள். 2021இல் இனம் நீக்கிய சூத்திரம் வந்தது. அதுவும் அமெரிக்கத் தரவில் கட்டியதுதான். ஆகவே 'இனத்தை எடுத்தாச்சு, சரியாப்போச்சு' என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

ஸ்பைரோமெட்ரியிலும் (நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதுகிறது என்று அளக்கும் சோதனை) இதே கதை. 'இயல்பு' என்று எதிர்பார்க்கும் அளவில் கறுப்பருக்கு 10–15 சதவீதம், ஆசியருக்கு 4–6 சதவீதம் கழிக்கும் வழக்கம் இருந்தது. நமக்கும் கழிவு உண்டு என்றதும் இந்திய மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்! 'இயல்பு' அளவைத் தாழ்த்தினால் தூசியில் கெட்டுப்போன தொழிலாளியின் நுரையீரலும் இயல்பாகவே தெரியும், இழப்பீடு கைநழுவும்.

இரண்டு மணி நேரச் செய்முறை வகுப்பு போதும். தனிச் சொற்பொழிவு வேண்டாம். தேர்விலும் கேள்வி வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

எண்கணக்கு:
ஆய்வேடு பற்றி. ஆய்வுக் கேள்வித்தாளில் வழக்கமாக வரும் ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டவர்), இந்தியர், வெள்ளையர் என்ற நாலு கட்டமும், எல்லாரையும் இனவாரியாகப் பதிவு செய்த 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின் மிச்சம். சட்டம் 1991இல் ஒழிந்தது, கட்டங்கள் ஒழியவில்லை. 1959 அரசாணையில் இந்தியரே 'கலர்ட்'டின் உட்பிரிவுதான். இதில் உயிரியல் எங்கே இருக்கிறது?

2019இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று இதில்தான் சறுக்கியது. கலர்ட் பெண்கள் 60 பேரிடம் அறிவுத்திறன் சோதனை, ஒப்பிட வேறு குழு இல்லை, முடிவோ அந்தப் பெண்கள் அனைவருக்குமாக. கண்டனம் எழுந்து இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

மாணவரிடம் ஒன்று கேளுங்கள்: இங்கே இனம் எதற்குப் பதிலாக நிற்கிறது? வருமானமா, கிளினிக்குக்கு உள்ள தூரமா, வீட்டு மொழியா, படித்த பள்ளியின் குவின்டைலா (வட்டார வறுமையை வைத்துப் பள்ளிகளைப் பிரிக்கும் ஐந்து படிநிலை)? அதையே நேராகக் கேட்கட்டும். பாகுபாட்டை அளக்கிற ஆய்வு என்றால் இனக் கேள்வி இருந்தே ஆகவேண்டும், எடுத்துவிட்டால் பாகுபாடு தரவிலிருந்தே காணாமல் போகும். ஆனால் பங்கேற்பவரே சொல்லட்டும். ஆய்வாளர் முகத்தைப் பார்த்து டிக் அடிக்கக் கூடாது. 'சொல்ல விரும்பவில்லை' என்ற கட்டமும் வேண்டும். போபியா என்ற தென்னாப்பிரிக்கத் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டப்படி இனம் சிறப்புப் பாதுகாப்புள்ள சொந்தத் தகவல், எதற்காகக் கேட்கிறோம் என்று தகவல் தாளில் எழுதியாக வேண்டும்.

டர்பன்வாசி:
இருவருக்கும் நன்றி. இன்னொன்று. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்யும், வீட்டில் இசிஸுலு (ஜூலு மொழி) பேசும் மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் இறங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தம்பி, எழுத்துத் தாளில் மாணவர் எண் மட்டும் போட்டால் பெயர் மறையும். வாய்மொழியில் ஆளை மறைக்க முடியாது. கேள்விகளை முன்பே எழுதி, எல்லாரையும் அதே வரிசையில் கேளுங்கள். தேர்வாளர் இருவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதிய பிறகே பேச வேண்டும், முதலில் பேசினால் மூத்தவர் சொன்ன எண்தான் நிற்கும். மதிப்பீட்டுத் தாளில் 'தன்னம்பிக்கை' என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், ஆங்கிலச் சரளம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. அதை அடித்துவிடுங்கள்.

கோபிக்காதீர்கள், ஆசிரியர் அறையில் கறுப்பின மாணவர்களைப் பற்றி நம்மவர்கள் தமிழில் பேசிக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அப்படிப் பேசுகிறவரை வாய்மொழித் தேர்வில் தனியாக உட்கார வைக்காதீர்கள்.