பதற்றத்துக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் ஹிப்னோதெரபி எடுத்துக்கொள்ளலாமா?

பி.டி.எம். லேஅவுட் வாசி:
பெங்களூருத் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். அலுவலகம் கிளம்பும் நேரத்தில் நெஞ்சு படபடப்பதும், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பேருந்து நின்றுவிட்டால் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயமே வயிற்றைக் கலக்கிவிடுவதும் எனக்கு வாடிக்கையாகிவிட்டன. கொலோனோஸ்கோபி என்னும் பெருங்குடல் உள்நோக்குச் சோதனை வரை பார்த்த மருத்துவர், இது ஐ.பி.எஸ். என்னும் குடல் கோளாறு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், பாதிதான் குறைந்திருக்கிறது. ஒரு மையத்தில் விசாரித்தபோது, ஹிப்னோதெரபி என்னும் மனவசியச் சிகிச்சையில் முற்பிறவி வரை அழைத்துச் சென்று நோயை வேரோடு அறுத்துவிடுவதாகக் கூறி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். கட்டலாமா?

அல்சூர் உளவியலாளர்:
கட்ட வேண்டாம். ஆனால் முற்பிறவிக் கதையை வைத்து ஹிப்னோதெரபியையே ஒதுக்கிவிடவும் வேண்டாம். உங்கள் இரண்டு தொல்லைகளில் வயிற்றுக்குத்தான் இதில் வலுவான சான்று இருக்கிறது. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர், மருந்துக்கு அடங்காத ஐ.பி.எஸ். நோயாளிகள் 30 பேரிடம் நடத்தி, ஹிப்னோதெரபியால் நல்ல பலன் கண்ட ஆய்வு 1984இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது; 12 மாதம் மருந்து எடுத்தும் குணம் தெரியாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் சொல்கிறது. சாய்வு நாற்காலியில் கண்மூடி, மூச்சு சீரானதும், வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, அதன் வெதுவெதுப்பு உள்ளே பரவுவதாகவும், குதித்தோடும் ஆறு மெல்ல அடங்கி ஓடுவதாகவும் கற்பனை செய்யச் சொல்வார்கள். நினைவு தப்பாது, வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடலாம். இதைப் பல வாரங்கள் வீட்டிலும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழக வேண்டும். அந்தப் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பதற்றத்துக்கு முதலில் நாடவேண்டியது சி.பி.டி. என்னும் பேச்சுச் சிகிச்சை; தேவைப்பட்டால் மருந்து. ஹிப்னோதெரபி அதற்குத் துணையாக நிற்கலாம், மாற்றாக அல்ல.

சிவாஜி நகர் வாசகர்:
என் தம்பி அப்படி ஒரு மையத்துக்குப் போய், சிறுவயதில் யாரோ தன்னைக் கிணற்றில் தள்ளியதாக ஒரு ‘நினைவோடு’ திரும்பினான். எங்கள் வீட்டிலோ தெருவிலோ கிணறே கிடையாது. அந்த நிலையில் தூண்டிக் கேட்டால் நடக்காததும் நடந்ததாகவே மனத்தில் பதிந்துவிடும் என்று பின்னர் மனநல மருத்துவர் விளக்கினார். அதற்குள் சந்தேகம் விழுந்து, வீட்டில் பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

பி.டி.எம். லேஅவுட் வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் யாரிடம் போவது?

அல்சூர் உளவியலாளர்:
படபடப்பு இருப்பதால் முதலில் தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு கூடியிருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். பிறகு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். தனியாரிடம் போவதாக இருந்தால், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் இந்தக் கேள்விக்கே முகம் சுளிப்பார்கள். இல்லாத குரல்கள் கேட்பது போன்ற மனநோய் முன்பு இருந்திருந்தால் அதை மறைக்காதீர்கள், அவர்களுக்கு இந்தச் சிகிச்சை ஆகாது. இப்போது எடுக்கும் மாத்திரையை, கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.