பள்ளத்தூரில் நிற்கும் 2015 ஸ்கார்ப்பியோ: ஃபோர் வீல் டிரைவ் வண்டி நமக்குத் தேவையா?

புதுவயல் வாசி

பள்ளத்தூரில் தெரிந்த குடும்பத்தார் 2015ஆம் ஆண்டு ஸ்கார்ப்பியோவை விற்கிறார்கள். 2.2 லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ் (தேவைப்பட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும்), ஒரே உரிமையாளர். ஓட்டம் 61,000 கிலோமீட்டர். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போது மட்டும் வண்டி வெளியே வரும். 2021 வரை சர்வீஸ் புத்தகம் முழுமையாக இருக்கிறது. அதன்பிறகு பெரும்பாலும் கொட்டகைதான். பெயிண்டில் கீறல் கிடையாது.

எங்கள் தென்னந்தோப்பு கண்மாய்க்கு அப்பால் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கரைப் பாதையில் டிராக்டரைத் தவிர எதுவும் போகாது. வாங்கலாமா?

தேவகோட்டை ரஸ்தா

வேண்டாம் ஐயா. இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை நகரத்தார் கோயில்கள் ஒன்பதுக்கும் தார்ச்சாலையிலேயே போய்விடலாம். மதுரைக்கும் திருச்சிக்கும் நல்ல சாலை. வருடத்தில் இரண்டு மாதம் சேறாகும் ஒரு பாதைக்காக, மீதிப் பத்து மாதமும் ஒரு டிரான்ஸ்பர் கேஸையும் (விசையை முன் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முன்பக்கக் கிரவுனையும் (அச்சின் பற்சக்கரப் பெட்டி) சுமந்து டீசல் எரிக்க வேண்டுமா? அந்தப் பாகங்கள் கெட்டால் காரைக்குடியில் எல்லாக் கடையிலும் கிடைத்துவிடாது. இதே வண்டியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண மாடல் நம் பக்கம் ஏராளமாக ஓடுகிறது. அதற்கு உதிரிபாகமும் உண்டு, கைதேர்ந்த மெக்கானிக்கும் உண்டு.

இன்னொன்று. கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியில், இருப்பது களிமண். தார்ச்சாலை டயரோடு அதில் இறங்கினால் டயர் பள்ளங்களில் சேறு அப்பிக்கொண்டு நான்கு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுழலும். இரண்டு சக்கரம் சிக்குவதற்குப் பதில் நான்கும் சிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கானாடுகாத்தான்

தேவகோட்டை அண்ணன் கோயில் சாலையை வைத்துப் பேசுகிறார். தம்பி கேட்பது தோப்புப் பாதையைப் பற்றி. நான் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை முந்திரிக் காட்டுக்கும் தைலமரக் காட்டுக்கும் ஓட்டி வருகிறேன். நம் செம்மண் சரளையில் மழை பெய்தால் மேல்தோல்தான் வழுக்கும், அடியில் கெட்டி இருக்கும். அங்கே 4H (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டால் வண்டி நேராகப் போகும். கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) ஓரத்து இறக்கத்தில் 4L (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) போட்டு முதல் கியரில் விட்டால் பிரேக்கைத் தொடாமலே என்ஜின் பிடித்து இறக்கிவிடும். டயர் காற்றை 20 பவுண்டுக்குக் குறைத்தால் இளகிய மண்ணிலும் பிடிப்பு கிடைக்கும்; தார்ச்சாலை ஏறியதும் திரும்ப நிரப்பிவிட வேண்டும். களிமண்ணில் சிக்கலாம் என்பது உண்மை. ஆனால் இவர் போவது கரை மேல், உள்வாய்க்குள் அல்ல.

நோயாளியை அழைத்துவர வேண்டிய நாளில் டிராக்டரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்த ஒரு நாளுக்காகவே நான் இந்த வண்டியை வைத்திருப்பேன்.

திருமயம் பட்டறை

இரண்டு பேரும் தேவையா இல்லையா என்றே பேசுகிறீர்கள். எனக்கு இந்த வண்டியின் மேல்தான் சந்தேகம். ஓட்டம் குறைவு என்பதை எல்லோரும் நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொட்டகையில் நின்ற வண்டிக்கும் வயதாகும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். டீசல் டேங்க்கில் தண்ணீர் சேரும். பிரேக் கேலிப்பர் துருவேறி இறுகும். பூட்டிய வீடுகள் நிறைந்த தெருவில் எலிக்குக் குறைவில்லை. வயர்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. டயர் பள்ளம் தேயாமல் இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் அது கழிக்க வேண்டிய டயர்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு வாங்குகிறவர் வார்னிஷைப் பார்த்து விலை பேசுவதில்லை. கதவைத் திருப்பி, அடிக்கட்டையில் கரையான் இருக்கிறதா என்று பார்க்கிறார். இந்த வண்டியையும் அப்படித்தான் லிஃப்ட்டில் ஏற்றி அடியிலிருந்து பார்க்க வேண்டும். டிரான்ஸ்பர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் மூன்றிலும் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் தூள் மினுங்கினால் பற்கள் தேய்கின்றன. முன் அச்சின் மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மண் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது.

அடுத்தது மண் பாதையில் சோதனை. 4H விளக்கு எரிந்தால் போதாது, முன் சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் 4L போடுங்கள். விழவே தயங்கினாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ அந்தப் பகுதியை யாரும் பல காலம் பயன்படுத்தவில்லை என்று பொருள். மாதம் ஒருமுறையாவது இளகிய மண்ணில் சிறிது தூரம் 4H போட்டு ஓட்டினால்தான் உள்ளே ஆயில் பரவும். திருவிழாவுக்கு மட்டும் வெளியே வந்த வண்டியில் அதை யார் செய்திருப்பார்கள்?

கானாடுகாத்தான்

பட்டறைக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை, விலையில் கழித்துக்கொள்ளலாம். இந்த மாடலில் டைமிங் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை, செயின்தான். மழை நாளில் திருச்சி சாலையிலும் 4H போட்டுக்கொண்டால் பாதுகாப்பு என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அதைப் பற்றியும் எழுதுங்கள்.

திருமயம் பட்டறை

போடவே கூடாது. இந்த வண்டி சாதாரணமாகப் பின் சக்கரத்தில் ஓடுகிறது. 4H போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கிச் சரியாகிவிடும். தாரில் வழுக்க இடமில்லை, முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்பர் கேஸில் ஏறும், ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும். நான்கு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். பிரேக் பிடிக்கும் தூரம் 4H போட்டாலும் குறையாது.

தேவகோட்டை ரஸ்தா

பார்த்தீர்களா, பயன்படுத்தாவிட்டாலும் கெடும், தவறான இடத்தில் பயன்படுத்தினாலும் கெடும். வீட்டில் இதை ஓட்டப்போகிறவர்கள் எல்லோருக்கும் இத்தனையும் தெரிந்திருக்குமா? என் கவலை அதுதான்.

கணக்கையும் பாருங்கள். 2015இல் பதிவான வண்டிக்கு 2030இல் பதினைந்து வருடம் முடிகிறது. அதன்பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். டெல்லி வண்டி மலிவு என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு விழுந்த தடையால்தான் விலை சரிந்தது. இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று, புதிய பதிவு எண், தமிழ்நாட்டு வாழ்நாள் வரி எல்லாம் உங்கள் தலையில்தான். பள்ளத்தூர் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவரே கையெழுத்திட வேண்டும், அல்லது முறையான அதிகாரப் பத்திரம் வேண்டும். கடன் பதிவு இருந்தால் அதை நீக்கப் படிவம் 35. வாங்கிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். விற்றவருடைய நோ கிளெயிம் சலுகை (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும். உங்களுக்கு வராது, பிரீமியம் கூடும்.

கானாடுகாத்தான்

வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை அண்ணே. 2H-இல் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) விட்டுவிட்டால் யாரும் சாதாரண வண்டியாக ஓட்டலாம். தோப்புக்குப் போகிறவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அவரும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வார்.

புதுவயல் வாசி

எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் பேசிவிட்டேன். லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கவும் மண் பாதையில் ஓட்டிப் பார்க்கவும் சம்மதித்துவிட்டார். நான்கு டயரும் 2015இல் வண்டியோடு வந்தவை என்று அவரே சொன்னார். புதிய நான்கின் விலையைக் கழித்துத்தான் பேசப்போகிறேன். மூன்று ஆயிலும் பிரேக் ஆயிலும் என் செலவு. 4L விழாவிட்டாலோ கிரவுன் ஆயிலில் தூள் தெரிந்தாலோ வாங்க மாட்டேன். அப்போது தேவகோட்டை அண்ணன் சொன்ன சாதாரண மாடலைத் தேடுகிறேன்.

பட்டறைக்காரர் வியாழக்கிழமை காலை பள்ளத்தூருக்கே வர முடியுமா? ஆறாத என்ஜினில் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது என்பார்கள். அதனால் நாம் வரும்வரை யாரும் சாவியைத் திருப்ப வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.